பழம்பொருட் காவலும் அரசாங்கச் சிக்கனமும்

வரவு சுருங்கும்போது செலவைச் சுருக்குதல் குடும்பத்துக்கும் முறை, அரசுக்கும் முறை. ஆனால் எச்செலவைச் சுருக்குவது என்பதில்தான் அறிவு வேண்டும். பஞ்ச காலத்தில் உழவன் கஞ்சியைக் குறைத்துக்கொள்வான். விதைநெல்லில் கை வைக்கமாட்டான். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் தொல்பொருள் ஆராய்ச்சி இலாகா மும்முறை வெட்டுண்டது. அதனால் மிச்சமான தொகையை இன்று நினைப்பார் இல்லை. நேர்ந்த இழப்புகளோ வரலாற்றில் நிற்கின்றன.

முதல் வெட்டு

1861ஆம் ஆண்டில் கானிங் பிரபு, பொறியாளரும் படைத்தலைவருமான அலெக்சாந்தர் கன்னிங்காமைத் தொல்பொருள் ஆய்வாளராக நியமித்தார். அன்று அவர் ஒருவரே இலாகா எனலாம். வட இந்தியாவின் சிதைந்த நகரங்களை அவர் நடந்து நடந்து ஆராய்ந்து வந்தார். ஐந்தாண்டு கூட நிறையவில்லை. சர் ஜான் லாரன்ஸ் வைசிராயாக இருந்த காலத்தில், 1866இல், பணமில்லை என்று அப்பதவி எடுக்கப்பட்டது. கன்னிங்காம் தாய்நாடு திரும்பினார். 1871இல் மேயோ பிரபுவின் ஆட்சியில் இலாகா மீண்டும் உயிர்பெற்றது. கன்னிங்காம் தலைமை இயக்குநராக வந்தார். அவருக்கு உதவியாளர் இருவர்.

1873இல் அவர் மத்திய இந்தியாவில் பர்ஹூத் என்னும் சிற்றூரை அடைந்தார். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பெரிய பௌத்தத் தூபி ஒன்று அங்கு இருந்தது. ஆனால் அதன் பெரும்பகுதியை ஊரார் வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தனர். சாதகக் கதைகளைச் செதுக்கிய கல்வேலியில் எஞ்சியவை கல்கத்தாக் காட்சிசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவ்வழிவு முழுவதையும் 1866ஆம் ஆண்டு ஆணையின் தலையில் சுமத்துதல் நேர்மையன்று. அங்குக் கல் பெயர்ப்பு நெடுநாளாகவே நடந்துவந்தது. ஆயினும் ஓர் உண்மை விளங்குகிறது. அலுவலகக் கோப்பு ஐந்தாண்டு காத்திருக்கும், கல் காத்திருக்காது.

இரண்டாம் வெட்டு

கன்னிங்காம் 1885இல் ஓய்வுபெற்றார். அடுத்து வந்த ஜேம்ஸ் பர்ஜெஸ் 1889இல் ஓய்வுபெற்றபோது, தலைமை இயக்குநர் பதவியே வேண்டியதில்லை என்றும், பாதுகாப்புப் பொறுப்பை அந்தந்த மாகாண அரசுகளிடம் விட்டுவிடலாம் என்றும் பரிந்துரைத்துச் சென்றார். அரசாங்கமும் மகிழ்ந்து ஏற்றது. வெட்டச் சொன்னவர் வெளியார் அல்லர். துறையின் தலைவரே என்பது வியப்புக்குரியது.

தலையில்லாத இலாகாவில் நிகழ்ந்தது யாது? வடமேற்கு மாகாணத்தின் ஆய்வாளராக இருந்த ஃபியூரர் என்பவர், நேபாள எல்லைப்புறத்தில் தாம் கண்டதாக ஒரு தூபியை விரிவாக வருணித்து எழுதினார். அத்தகைய தூபி அங்கு இல்லை. புத்தர் திருவெச்சங்கள் என்று பொய்ப்பொருள்களைப் பர்மியத் துறவி ஒருவருக்கு விற்றதும் வெளிப்பட்டது. 1898இல் அவர் பதவி துறக்க நேர்ந்தது. பல ஆண்டு அச்சேறிய பொய்யை உடனிருந்து சோதிக்கும் மேலதிகாரி ஒருவரும் இல்லாமற் போயினர்.

அதே காலத்தில் சென்னையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1886இல் கல்வெட்டறிஞராக அமர்ந்த ஜெர்மானியர் ஹுல்ட்ஷ், வெங்கையா போன்ற சிலரின் துணைகொண்டு கோயில்தோறும் மைப்படி எடுத்தார். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பியவன் முதலாம் இராசராசனே என்பதை ஐயமற நிலைநாட்டியவை அவர் படித்த கல்வெட்டுகளே. வெட்டுக்குத் தப்பிய சிறு அலுவலகம் தமிழர் வரலாற்றுக்குச் செய்த பேருதவி அது.

ஆகவே ஆளெண்ணிக்கை ஒன்றே அளவுகோல் அன்று. கற்றறிந்தவன் ஒருவன் இருந்தால் சிறு குழுவும் பெரும்பணி ஆற்றும். கேட்பாரற்ற இடத்தில் பெரும்பதவியும் பொய்க்கு இடமாகும்.

இவ்வுண்மையை உணர்ந்தவர் கர்சன் பிரபு. பழஞ்சின்னங்களைக் காத்தல் அரசின் கடமை என்று அவர் கொண்டார். 1902இல், 26 வயதும் நிரம்பாத ஜான் மார்ஷலைத் தலைமை இயக்குநராக அமர்த்தினார். 1904இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அரப்பாவில் 1921இலும், மொகஞ்சதாரோவில் 1922இலும் அகழ்வு தொடங்கியது. சிந்துவெளி நாகரிகத்தை 1924இல் உலகம் அறிந்தது. தலைமைப் பதவியை மீட்ட 22ஆம் ஆண்டில் கிடைத்த விளைச்சல் இது.

மூன்றாம் வெட்டு

உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1931இல் இலாகாவின் பணமும் ஆளும் பெரிதும் குறைக்கப்பட்டன. மொகஞ்சதாரோவின் பேரகழ்வு நின்றது. 1932இல் சட்டம் திருத்தப்பட்டு, வெளியாரும் அகழலாம் என்று வழி திறக்கப்பட்டது. அவ்வழியே 1935-36இல் சிந்துவெளி ஊரான சன்குதாரோவை மக்கே அகழ்ந்தார். செலவு அமெரிக்கருடையது. கண்டெடுத்தவற்றுள் ஒரு பங்கு போஸ்டன் நுண்கலைக் காட்சிசாலைக்குச் சென்றது. அறிவுலகம் அவ்வகழ்வால் பயன்பெற்றது மெய்தான். ஆயினும் தன் முற்றத்தைத் தானே தோண்ட முதலில்லாதவன் கண்ட பொருளைப் பங்கிட்டுக் கொடுக்க நேர்ந்ததும் மெய்யே.

பின்னர் லியோனார்ட் வூலி அழைக்கப்பட்டுத் துறையை ஆராய்ந்தார். பயிற்சி பெற்றோர் இல்லாமையை 1939ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் கடிந்துரைத்தார். 1944இல் மார்ட்டிமர் வீலர் தலைமை ஏற்றார். அவர் முதற்கண் செய்தவற்றுள் ஒன்று தட்சசீலத்தில் இளைஞர்க்குப் பயிற்சிப்பள்ளி அமைத்தது. அடுத்த ஆண்டே புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்து, உரோமானிய மட்கலங்களைக் கொண்டு அவ்வூரின் காலத்தைக் கணித்தார். சங்கச் சான்றோர் பாடிய யவனர் தொடர்புக்கு மண்ணடியிலிருந்து சான்று எழுந்தது.

இம்மூன்று வெட்டுகளும் கற்பிப்பது ஒன்றே. சிக்கனம் தவறன்று. குழு சிறிதாகலாம், பதவிகளும் சில குறையலாம். ஆனால் பொருளை அறிந்தவனும், அவன் எழுதியதைச் சோதிப்பவனும், அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிப்பவனும் ஆகிய மூவரையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் பெயர்ப்பலகையே.

எடுத்த பதவியை அரசு 1871இல் மீட்டது, 1902இல் மீட்டது, தளர்ந்த துறையை 1944இல் நிமிர்த்தியது. பர்ஹூத்தில் சுவராகிப் போன சிற்பங்களை மட்டும் எவ்வரசாலும் மீட்க முடியவில்லை.