ரெண்டாவது சாவி யார் கையில?

போன மாசம் வெண்ணந்தூர்ல இருந்து அப்பா போன் பண்ணினார். விசைத்தறிக்கு ஆன்லைன்ல மோட்டார் வாங்கப் பார்த்திருக்கார். கார்டு அவர்கிட்ட, ஓடிபி வந்தது பெங்களூர்ல இருக்கற எனக்கு. நானோ மீட்டிங்ல! "ஏஞ்சாமி, எம்பணத்தை எடுக்கோணும்னா உன்னையக் கேக்கோணுமா?"ன்னார். சுருக்குன்னு இருந்துச்சு. கணக்குல என் நம்பரைக் குடுத்தது நான்தானே...

இந்த ரெட்டைப் பூட்டு ஒண்ணும் புதுசில்லைங்க. 1967 ஜூன்ல லண்டன் என்ஃபீல்டுல பார்க்லேஸ் வங்கி ஏடிஎம் திறந்தப்பவே இருந்துச்சு. அப்போ பிளாஸ்டிக் கார்டு கிடையாது. காகிதச் சீட்டு ஒண்ணு, நாலு இலக்க ரகசிய எண் ஒண்ணு. கையில ஒண்ணு, மனசுல ஒண்ணு. அதை உருவாக்கின ஷெப்பர்ட் பாரன் பிறந்தது நம்ம ஷில்லாங்ல!

இணையம் வந்ததும் இது கெட்டுப்போச்சு. நம்பர், தேதி, பின்பக்க மூணு இலக்கம் எல்லாமே கார்டு மேலயே இருக்கு. பார்த்தவன் எவனும் வாங்கலாம். அதனால 2009 பிப்ரவரியில ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுது: ஆகஸ்ட் 1 முதல், கார்டுல தெரியாத ஒரு தகவலையும் கேட்டே ஆகணும். முதல்ல பாஸ்வேர்டா இருந்தது, அப்புறம் ஓடிபியா பரவுச்சு.

ஆனா ரெண்டாவது சாவி உடையவன் கையில இருந்தாத்தானே அது அவன் பூட்டு? 'அப்பாவுக்கு என்ன தெரியும்'னு நான் வாங்கி வச்சுக்கிட்டது பாதுகாப்பு இல்லை, அதிகாரம்.

லீவு போட்டு ஊருக்குப் போய் நம்பரை மாத்தியாச்சு. "ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கப்பா"ன்னேன்.

"உனக்கே சொல்லமாட்டேன், போ!"

பாஸ் பண்ணிட்டார் :)