அடும்பு
அடும்பு என்பது வெப்பமண்டலக் கடற்கரைகளின் மணல்மேடுகளில் படர்ந்து வாழும் பல்லாண்டுக் கொடியாகும். அடம்பு என்றும் வழங்கும் இது, சர்க்கரைவள்ளிக்கிழங்கு இடம்பெறும் ஐப்போமியா பேரினத்தைச் சேர்ந்தது. நெய்தல் நிலத் தாவரமாகச் சங்கப் பாடல்களில் இடம்பெறுகிறது. ஆட்டுக் குளம்புபோல் நுனி பிளந்த தடித்த இலைகளும், காலையில் விரிந்து அன்றே வாடும் இளஞ்சிவப்பு ஊதா நிறப் பூக்களும் இதற்கு உண்டு.

சத்தும் ஈரமும் குறைந்த உவர்மணலில் இக்கொடி நிலைப்பதற்கு அதன் வேரமைப்பே காரணம்: ஆணிவேர் ஆழத்து ஈரத்தைத் தேடிச் செல்ல, தரையோடு பல மீட்டர் ஓடும் தண்டு கணுதோறும் (இலை தோன்றும் முடிச்சுதோறும்) வேரூன்றிக் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகிறது.

வளர்ப்பதற்குத் தண்டுத் துண்டுகளே எளிய வழி. சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில், சில கணுக்கள் மண்ணுள் புதையுமாறு அவற்றைக் கிடத்தி நட்டு, வேர்பிடிக்கும் வரை மட்டும் நீர் விட்டால் போதும். கடல்நீரில் மிதந்து நெடுந்தொலைவு பரவும் விதைகளின் ஓடு மிகக் கடினமானது என்பதால், அதைச் சற்று உராய்ந்து, நீரில் ஊறவைத்த பின்னரே விதைக்க வேண்டும். நிழலும் நீர் தேங்கும் களிமண்ணும் இதற்கு ஒவ்வா. வறட்சியைத் தாங்கும் இக்கொடி, ஓயாத காலடியையும் வண்டிச் சக்கரத்தையும் தாங்குவதில்லை. கரையைத் துப்புரவு செய்வதாக எண்ணி இதை வாரி அகற்றுவது மணல்மேட்டையே இழக்கச் செய்யும் தவறாகும்.