போதும் என்று சொல்வது யார்?

பந்தியில் அமர்ந்திருக்கிறோம். பரிமாறுபவர் மறுபடியும் சோற்றுடன் வந்து நிற்கிறார். இலையின் மேல் கையை நீட்டிப் 'போதும்' என்கிறோம். இந்தச் சொல்லை எந்த ஆதாரத்தின் மேல் சொன்னோம் என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? உண்ணத் தொடங்கி இருபது நிமிடங்கள் ஆகியிருக்கலாம். உண்டதில் பெரும்பகுதி இன்னும் இரைப்பையில்தான் கிடக்கிறது. அது செரித்து, குடலால் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலக்க இன்னும் சில மணி நேரம் பிடிக்கும். வரவு முழுவதும் வந்து சேரும் முன்பே கணக்கை முடித்து விடுகிறோம். அதுவும் பெரும்பாலும் சரியாகவே முடித்து விடுகிறோம்!

இந்தப் 'போதும்' ஒரே உணர்வன்று என்பதை நம் மொழி அறிந்திருக்கிறது. பசியாறுதல், வயிறு நிறைதல், திகட்டுதல், வயிறு முட்டுதல் ஆகிய நான்கும் வேறு வேறு. பாயசம் திகட்டியவர் மோர்ச் சோற்றுக்கு இடம் வைத்திருப்பார். வயிறு முட்டியவருக்கோ நீரும் இறங்காது. மருத்துவ அறிவியல் இவற்றைப் பிரித்தறிய ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையின் பிற்பகுதி, உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டவர்களின் கதையும் ஆகும். நாற்பது ஐம்பது ஆண்டுகள் பழகிய நிறைவுணர்வு ஒரே நாளில் செல்லாக் காசாகிப் போக, 'போதும்' என்பதை முதலிலிருந்து கற்க வேண்டியவர்கள் அவர்கள்.

கதை 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வட அமெரிக்காவின் மேக்கினா தீவில் தொடங்குகிறது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர்மேல் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. பிழைக்க மாட்டார் என்றே கருதப்பட்டவர் பிழைத்தார்; ஆனால் இரைப்பைக்குள் நேரே திறக்கும் ஒரு துளை அவர் விலாவின் கீழ் நிலைத்துவிட்டது. சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், அத்துளை வழியே பல ஆண்டுகள் செரிமானத்தை ஆராய்ந்து 1833-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய சோதனைகளில் ஒன்று நமக்கு வேண்டியது. செயின்ட் மார்ட்டினைக் காலையிலிருந்து மாலை வரை பட்டினி போட்டு, நன்கு பசித்த பின் வேகவைத்த மாட்டிறைச்சியில் மிகச் சிறு அளவைத் துளை வழியே உள்ளே வைத்தார். வாய் சுவைக்கவில்லை, தொண்டை விழுங்கவில்லை; ஆயினும் பசி உடனே தணிந்தது என்று குறித்தார். எனவே பசியும் நிறைவும் இரைப்பையின் விவகாரங்கள் என்று தோன்றியது. (செயின்ட் மார்ட்டின் இச்சோதனைகளை விரும்பி ஏற்றவர் அல்லர் என்பதையும், இடையிடையே மருத்துவரை விட்டு நீங்கித் தம் ஊருக்குப் போய்விட்டார் என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் அநீதி.)

இக்கருத்துக்கு 1912-இல் வலுச் சேர்த்தவர் ஹார்வர்டின் வால்டர் கேனன். அவருடைய மாணவர் வாஷ்பர்ன், குழாயுடன் இணைத்த ஒரு பலூனை விழுங்கப் பழகிக்கொண்டார். இரைப்பைக்குள் ஊதப்பட்ட அப்பலூன் இரைப்பையின் ஒவ்வொரு சுருக்கத்தையும் காகிதத்தில் கோடாக வரைந்தது. பசி கிள்ளும்போதெல்லாம் வாஷ்பர்ன் ஒரு விசையை அழுத்துவார். அவர் அழுத்திய கணங்கள் சுருக்கங்களுடன் ஒத்துப்போயின. காலியான இரைப்பை சுருங்கினால் பசி; நிரப்பினால் அமைதி. கேட்பதற்கு எவ்வளவு எளிமை!

ஆனால் இந்த எளிமைக்கு எதிரான சாட்சி முன்பே இருந்தது. 1897-இல் சூரிக் நகரில் கார்ல் ஷ்லாட்டர் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணின் இரைப்பையை முழுவதுமாக நீக்கி, உணவுக்குழாயைச் சிறுகுடலுடன் இணைத்தார். இரைப்பையே இல்லாத அப்பெண் ஓராண்டுக்கு மேல் உண்டு வாழ்ந்தார். 1931-இல் ஓவன் வாங்கன்ஸ்டீனும் ஆன்டன் கார்ல்சனும் இரைப்பை நீக்கப்பட்ட ஒருவருக்கு வழக்கம்போலப் பசித்ததைப் பதிவு செய்தனர். சுருங்குவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் பசி எங்கிருந்து வந்தது?

நியூயார்க்கில் இன்னொருவர் இருந்தார். மருத்துவ நூல்கள் அவரை 'டாம்' என்று மட்டும் அழைக்கின்றன. சிறு வயதில் கொதிக்கும் சூப்பை விழுங்கி உணவுக்குழாய் அடைபட்டுப்போனவர். வயிற்றில் செய்த துளை வழியே புனல் வைத்து உண்டு வாழ்ந்தவர். 1940-களில் அவரை ஆராய்ந்த ஸ்டூவர்ட் வுல்ஃப், ஹரால்ட் வுல்ஃப் ஆகியோர் ஒரு செய்தியைக் கண்டனர். உணவை நேரே வயிற்றுக்குள் செலுத்தினால் டாமுக்கு உண்ட நிறைவு கிட்டவில்லை. எனவே ஒவ்வொரு கவளத்தையும் வாயில் இட்டுச் சுவைத்து மென்று, பிறகே புனலுக்குள் உமிழ்வார். போமான்டின் துளை ஒன்று சொல்லிற்று, டாமின் துளை வேறொன்று சொல்லிற்று. இரண்டுமே உண்மை என்பதுதான் சிக்கல். இரைப்பைக்குள் விழும் உணவு பசியின் கிள்ளலைத் தணிக்கும். உண்டோம் என்ற நிறைவு வருவதற்கு வாயும் வேண்டியிருக்கிறது.

அறுவை மருத்துவர்கள் இந்தச் சிக்கலுக்குள் நுழைந்தபோது அவர்கள் மனத்தில் இருந்தது கேனனின் எளிய பைதான். 1954-இல் மின்னசோட்டாவில் தொடங்கிய சிறுகுடல் மாற்றுவழி அறுவை, உண்பதைக் குறைக்க முயலவில்லை, உறிஞ்சுவதைத்தான் குறைத்தது. கல்லீரல் கெட்டு, சிறுநீரகத்தில் கல் தோன்றிப் பலர் துன்புற்றபின் அது கைவிடப்பட்டது. அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறு வழியில் சிந்தித்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதை அவர் கவனித்திருந்தார். 1966-இல் சிக்காஷி இட்டோவுடன் இணைந்து, இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் தனிச் சிறுபையாகப் பிரித்துக் குடலுடன் இணைக்கும் அறுவையைத் தொடங்கினார். முதலில் 100 மில்லிலிட்டருக்கு மேல் கொள்வதாக இருந்த அந்தப் பை, பின்னர் 50 மில்லிலிட்டருக்குக் கீழே சென்றது. இப்போது 15 முதல் 30 மில்லிலிட்டர் வரை வைக்கிறார்கள். இரண்டு மேசைக்கரண்டி என்று கொள்ளலாம். பை சிறிதானால் விரைவில் நிறையும், நிறைந்தால் கை நிற்கும் என்பது எதிர்பார்ப்பு.

கை நின்றதா? 1980-ஐ ஒட்டி மேசனே வகுத்த மற்றொரு முறை, குடலைத் தொடாமல் இரைப்பையைத் தைத்து, வாயிலில் வளையம் இட்டுக் குறுக்குவது. செய்வதற்கு எளிதாகையால் நன்கு பரவியது. ஆனால் அவ்வாயிலில் சிக்கிக் கொள்ளும் இறைச்சியையும் ரொட்டியையும் விட்டுவிட்டு, தடையின்றி வழுக்கி இறங்கும் ஐஸ்கிரீமுக்கும் பால் பானங்களுக்கும் பலர் மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அடைத்துக் கொள்வதைத் தவிர்த்து இறங்குவதை உண்பது உயிரின் இயல்பு. 1987-இல் வர்ஜீனியாவின் ஹார்வி ஷுகர்மன் குழு இருமுறைகளையும் ஒப்பிட்டபோது, இனிப்பு உண்பவர்கள் வளைய முறையில் மிகக் குறைவாகவே எடை இழந்தார்கள் என்று தெரிந்தது.

1986-இல் லூபோமிர் குஸ்மாக் பொருத்தத் தொடங்கிய, இறுக்கவும் தளர்த்தவும் கூடிய சிலிக்கோன் பட்டைக்கும் இதே இடர் வந்தது. பட்டை சரியாக இறுகியிருந்தால் சிறிதளவு உணவிலேயே பசி மெல்ல அடங்கும். மிகையாக இறுகினாலோ உணவு பட்டைக்கு மேல் நின்று நெஞ்சில் அழுத்தும், எதிர்த்து வரும். இந்த இரண்டாவதைத்தான் பலர் 'வயிறு நிறைந்தது' என்று எடுத்துக்கொண்டார்கள். பட்டையைத் தளர்த்த வேண்டிய நிலையில், இன்னும் இறுக்கச் சொல்லி வந்தவர்களும் உண்டு. அடைப்புக்கும் நிறைவுக்கும் வேறுபாடு தெரியாமற் போனதற்கு நோயாளியை மட்டுமே பொறுப்பாக்க இயலாது. பையை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதில் காட்டிய அக்கறையை, அந்தப் பை நிறையும்போது எப்படி உணர்வீர்கள் என்று கற்பிப்பதில் அறுவைத் துறை நெடுங்காலம் காட்டவில்லை.

பை நிறைந்தால் போதும் என்ற எண்ணத்துக்குக் கிடைத்த நேரடியான அடி ஒரு பலூன்தான். கேனனின் பலூன் பசியை அளந்தது; 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்தப் பலூனோ பசியை ஒழிக்க வந்தது. சுமார் 220 மில்லிலிட்டர் காற்றுடன் இரைப்பைக்குள் மிதந்து இடத்தை அடைத்துக் கொள்ளும். பலூன் வைத்தவர்களையும், வைத்ததுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களையும் ஒப்பிட்டபோது எடைக் குறைவில் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. சில ஆண்டுகளில் அது சந்தையை விட்டுச் சென்றது.

அப்படியானால் பந்தியில் 'போதும்' என்றது யார்? நம் பார்வையில் இதற்கு மிகச் சிறந்த விடையை அளித்தவர், இங்கிலாந்தின் உளவியலாளர் டேவிட் பூத். 1970-களில் முதலில் எலிகளிடமும் பின்னர் மனிதர்களிடமும் அவர் செய்த சோதனைகள், நிறைவு என்பது பெருமளவு கற்றுக்கொண்ட ஒன்று எனக் காட்டின. ஒரு சுவையுடன் செறிவான உணவைச் சில நாள் கொடுத்துப் பழக்கினால், பிறகு செறிவில்லாத உணவை அதே சுவையில் கொடுத்தாலும் சீக்கிரம் நிறுத்தி விடுகிறார்கள். அதாவது, நாம் உண்பதை நிறுத்துவது ஒரு முன்கணிப்பு. இந்தச் சுவை, இந்த அளவு, இதற்கு முன் எவ்வளவு நேரம் பசி தாங்கியது என்ற பழைய கணக்கு. இக்கணக்கில் நினைவுக்கும் பங்குண்டு. 1998-இல் பால் ரோசினும் பிறரும், புதிய நினைவு எதுவும் தங்காத இருவருக்கு மதிய உணவு கொடுத்து, சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் கொடுத்தார்கள். இருவரும் மீண்டும் உண்டார்கள்!

அறுவைக்குப் பின் இந்தக் கணக்குதான் பொய்த்துப் போகிறது. கண் பழைய தட்டை அளக்கிறது, கை பழைய கவளத்தை எடுக்கிறது, வாய் பழைய வேகத்தில் மெல்கிறது. உள்ளே இருப்பதோ இரண்டு மேசைக்கரண்டிப் பை. செய்தி மூளைக்கு எட்டும் முன் மூன்று கவளம் மிகையாகி விடும்.

இதற்கிடையே வேதியியல் வழியாகவும் விடைகள் வந்தன. குடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் எலிகளின் உணவைக் குறைக்கிறது என்று 1973-இல் கிப்ஸ், யங், ஸ்மித் ஆகியோர் காட்டினர். பசியைத் தூண்டும் கிரெலின் 1999-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது; இரைப்பையின் மேற்பகுதியே அதன் முக்கிய ஊற்று. 2007-இல் கார்ல் லெ ரூ குழுவினர் வெளியிட்ட ஆய்வை இவ்வரிசையில் முதன்மையாக வைப்போம். குடல் ஹார்மோன்களின் சுரப்பை அடக்கும் மருந்தொன்றை, மேசன் வழிவந்த மாற்றுவழி அறுவை செய்தவர்களுக்கும் பட்டை பொருத்தியவர்களுக்கும் கொடுத்தார்கள். முதல் வகையினர் கூடுதலாக உண்டார்கள். பட்டைக்காரர்களிடம் மாற்றமில்லை. மேசன் பையைச் சுருக்குவதாக எண்ணிச் செய்த அறுவை, குடல் பேசும் குரலையும் உயர்த்தி விட்டிருக்கிறது. ஆகவே ஒரு முறையில் நிறைவை எளிதில் உணர்ந்தவரை மன உறுதி மிக்கவர் என்றும், மற்றொன்றில் தடுமாறியவரைத் தீனிப் பிரியர் என்றும் எண்ணியதற்கு ஆதாரமில்லை. அவர்களுக்குக் கிடைத்த செய்திகளே வேறு. அதே குடல் ஹார்மோன்களில் ஒன்றைப் போன்று செயல்படும் செமாகுளூடைடு, 2021-இல் அமெரிக்காவில் எடைக் குறைப்புக்கு அனுமதிக்கப்பட்டது.

மருந்தும் கத்தியும் செய்தியின் உரப்பைக் கூட்டலாம். அதைப் படிக்கக் கற்பது மேசையில்தான் நடக்கிறது. இன்று உணவியலாளர்கள் அதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். சிறு தட்டு, சிறு கரண்டி. ஒரு கவளத்தைக் கூழாகும் வரை மென்று, விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருத்தல். ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிடங்கள். உண்ணும்போது நீர் அருந்தாமை. முதல் வாரங்களில் வீக்கத்தால் எந்த உணர்வும் தெளிவாக இராது என்பதால், அப்போது உணர்வை நம்பாமல் அளந்து உண்ணச் சொல்கிறார்கள். நிறைவைத் தவற விட்டால் வாந்தி. வாந்தி வாரக்கணக்கில் தொடர்ந்தால் தயாமின் சத்துக் குறைந்து மூளையே பாதிக்கப்படலாம். இது வெறும் உணவு நாகரிகப் பாடமன்று.

பழைய வயிறு நிறைந்தால் தொப்புளைச் சுற்றிக் கனம் தெரியும். புதிய வயிறு அங்கே எதையும் சொல்வதில்லை. மார்பெலும்பின் கீழே மெல்லிய இறுக்கம், திடீரென ஒரு விக்கல், காரணமின்றி ஒழுகும் மூக்கு, ஒரு தும்மல், தன்னையறியாமல் வரும் பெருமூச்சு. இவைதாம் பலர் தெரிவிக்கும் அறிகுறிகள், ஒருவருக்கு வருவது மற்றவருக்கு வருவதில்லை. தமக்குரியது எதுவென்று கண்டுபிடிக்கச் சிலருக்கு மாதங்கள் ஆகின்றன. விக்கல் வந்தபின் நிறுத்துவதா, அதற்கு முந்திய கவளத்தோடா என்பது அடுத்த பாடம். ஓரிரு ஆண்டுகளில் பை சற்றே இளகி, கொள்ளளவு கூடும். விக்கல் தாமதமாக வரும், அல்லது வராமலே போகும். அப்போது மறுபடியும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.