சாயூர் மானிஸ்: சமைத்தால் நல்ல கீரை, பச்சைச் சாறு ஆபத்து

தோட்டத்து லயன் வீடுகளில் வேலியோரம் நின்ற கீரைகளில் சாயூர் மானிஸ் முக்கியமானது. குச்சியை ஒடித்து ஈர மண்ணில் நட்டாலே துளிர்க்கும். தனியாகப் பராமரிப்புத் தேவையில்லை. இன்று பட்டணத்து வீடுகளில் பூச்சட்டியிலும் வளர்கிறது. சீனர் கடைகளில் பான் மீ சூப்பில் மிதக்கும் கரும்பச்சை இலையும் பெரும்பாலும் இதுதான்.

மலாய்க்காரர்கள் இதைச் செக்கூர் மானிஸ் என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இதன் பெயர் தவசிக்கீரை. கேரளத்தில் மலாய்ப் பெயரே 'செக்குர்மானிஸ்' என்று வழங்குகிறது. நெல்லியும் கீழாநெல்லியும் இதன் உறவுச் செடிகள். கீழாநெல்லியைப் போலவே இதற்கும் பூவும் காயும் இலைக்கு அடியில் தொங்கும்.

வாங்கும்போது

இலை கரும்பச்சையாக, வாடாமல் இருக்க வேண்டும். நுனித்தண்டு ஒடித்தால் 'பட்' என முறிய வேண்டும். கட்டை உதறினால் இலை கொட்டுவதும் பழுப்பு ஏறியிருப்பதும் பழைய கீரைக்கு அடையாளம். கட்டில் பாதி தண்டுதான்; வெந்ததும் இலையும் சுருங்கிவிடும். நான்கு பேருக்கு இரண்டு கட்டு தேவைப்படும்.

ஆயும்போது

தண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக விரலால் உருவினால் இலைகள் கழன்று வரும். இளநுனியை அப்படியே சேர்க்கலாம். முற்றிய தண்டை வீசாமல் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நட்டுவிடலாம்.

இலையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, இரு கைகளாலும் நன்றாகக் கசக்க வேண்டும். நிறம் கறுத்து ஈரம் விட்டதும் மீண்டும் அலசிப் பிழிந்துகொள்ளலாம். இப்படிச் செய்தால் பச்சை வாடை குறையும். இலையும் மெதுவாக வேகும். கசக்காமல் வதக்கினால் இலை நார் போல் பல்லில் நிற்கும்.

சமைக்கும்போது

முட்டைப் பிரட்டல்: ஒரு கைப்பிடி நெத்திலியை மொறுமொறுப்பாகப் பொரித்து எடுத்துவைக்கவும். அதே எண்ணெயில் 5 சின்ன வெங்காயம், 3 பல் பூண்டு, 2 காய்ந்த மிளகாய் வதக்கி, கீரையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து 5 நிமிடம் வேகவிடவும். கீரையை ஓரமாக ஒதுக்கி 2 முட்டை உடைத்து ஊற்றி, கெட்டியானதும் கிளறவும். நெத்திலியில் உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடவும்.

தேங்காய்ப்பால் கறி: சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பூசணி, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் ஆகியவற்றை இரண்டாம் பாலில் வேகவைக்கவும். கிழங்கு வெந்ததும் கீரையைச் சேர்க்கவும். கீரை வெந்தபின் முதல் பாலை ஊற்றி, பொங்கும் முன் இறக்கவும்.

பச்சையாகக் குடிக்கக் கூடாது

உடல் இளைக்கும், சர்க்கரை குறையும் என்று கைப்பேசியில் வரும் குறிப்புகளை நம்பி இந்த இலையைப் பச்சையாக அரைத்துக் குடிப்பது ஆபத்தானது. தைவானில் 1994, 1995ஆம் ஆண்டுகளில் பலர் உடல் இளைக்க இதன் பச்சைச் சாற்றைக் கொய்யா, அன்னாசிச் சாற்றுடன் கலந்து வாரக்கணக்கில் குடித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 200க்கும் மேற்பட்டோருக்கு விடாத இருமலும் மூச்சுத்திணறலும் வந்தன. நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபட்டதே காரணம். சாற்றை நிறுத்திய பிறகும் பலருக்கு அந்தப் பாதிப்பு நீங்கவில்லை. சிலர் இறந்தனர், சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது.

நம் வீடுகளில் இக்கீரையை வேகவைத்து, மற்றக் கறிகளோடு அவ்வப்போதுதான் சாப்பிட்டு வந்திருக்கிறோம். அதுவே சரியான முறை. மருந்தாக எண்ணித் தினமும் சாறாகவோ பொடியாகவோ உட்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே குடித்து வருபவர்கள் உடனே நிறுத்த வேண்டும். இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் மருத்துவரைப் பார்த்து, இந்தச் சாறு குடித்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.