கிடங்கில் கிடக்கும் நம் வரலாறு

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை விளங்கிய எட்கர் தர்ஸ்டன், நம்மவர் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். 1909-இல் அவருடைய நூல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அளக்கப்பட்டோர் அதில் வெறும் சராசரியாயினர்.

பாடு முறைப்படி பழவேற்காட்டு ஏரியின் வலையிடங்கள் பிறர்க்கே உரியன. ஆதலின் நம் முன்னோர் நீரில் அமிழ்ந்து, இறாலைக் கையால் தடவிப் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் இட்டனர். காட்சிக்கூடத்தில் செப்புத் திருமேனிகளுக்கே முதலிடம். பறி போன்ற எளிய பொருள் இருப்பின், கிடங்கில்தான் இருக்கும்.

1613-இல் நம் கரையில் கெல்டிரியாக் கோட்டை எழுப்பி, ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாகக் கப்பலேற்றியவர் டச்சுக்காரர். அவர்தம் நாட்டில், ராட்டர்டாம் நகர அருங்காட்சியகம் ஒன்று 2021-இல் 1,51,000 பொருள்கள் கொண்ட தன் கிடங்கையே பொதுமக்களுக்குத் திறந்தது. எழும்பூரிலும் அவ்வாறு திறக்கக் கோருவோம். நம் இளைஞர் முதலில் தேடவேண்டியது அந்தப் பறியை.