இரண்டு மீட்டர் அலையும் பெங்களூருவின் பாறைகளும்

145 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு வளையத் தெரியாது. சிற்றலை வானொலி அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் தாண்டிப் போய் இறங்கும். ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள இந்த வி.எச்.எஃப். அலையோ பெரும்பாலும் அந்த மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். தரையில் அது எட்டுவது கண் எட்டும் தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நடுவில் ஒரு குன்று நின்றால் குரல் தேயும். ஆகவே இந்த அலைவரிசையில் தூரம் பேச நினைக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) அறையைவிட்டு வெளியே வந்தாக வேண்டும், மேடு தேடி ஏறியாக வேண்டும்.

பெங்களூரு மேட்டிலேயே அமைந்த ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் நந்தி மலை 1,478 மீட்டருக்கு எழுகிறது. சுற்றியுள்ள சமவெளியைவிட அந்த உச்சி 500 மீட்டருக்கும் மேலே இருப்பதால், அங்கே நிற்பவரின் வானொலி அடிவானம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தெற்கே சேலம் பக்கத்துச் சேர்வராயன் மலைமேல் இன்னொருவர் நின்றால் இருவருக்கும் இடையே ஏறக்குறைய 180 கிலோமீட்டர். இரண்டு உயரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் அலை எட்டக்கூடிய தூரம்தான். கையடக்க வானொலிக்கு நகரத் தெருவில் சில கிலோமீட்டரே எல்லை என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், ஹாம்களுக்கு மலை ஏன் அவ்வளவு பிடிக்கும் என்பது புரியும்.

உயரத்திலிருந்து உயரத்தைக் குறிபார்க்கும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1800-இல் வில்லியம் லாம்ப்டன் மைசூர் நாட்டை அளக்க அடிக்கோடு போட்டது பெங்களூருக்குப் பக்கத்தில்தான். பிறகு 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே தொடங்கிய பெரும் முக்கோண அளவையும் மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம், நேர்பார்வையில் நகர்ந்த பணிதான். அவருடைய ஆட்கள் சுமந்தது கோணம் அளக்கும் தியோடலைட். நூற்றைம்பது ஆண்டு கழித்து வந்த ஹாம்கள் சுமந்தது ஆண்டெனா.

இந்தியாவின் முதல் அமெச்சூர் வானொலியாளராக அறியப்படும் அமரேந்திர சந்திர கூப்து, 2ஜேகே என்ற அழைப்புக்குறியோடு கல்கத்தாவில் 1921-இல் இயங்கத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பின், 1948-இல், மாவ் நகரிலுள்ள ராணுவத் தொடர்புப் பயிற்சிப் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிக் கழகம் உருவானது. பெங்களூரு அமெச்சூர் ரேடியோ கிளப் 1959-இல் தொடங்கியது. அதன் அழைப்புக்குறி வியூ2ஏஆர்சி. ஊரும் அதற்கேற்ற ஊர்தான். தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ. 1948-இலும், ராணுவ மின்னணுக் கருவிகள் செய்யும் பெல் 1954-இலும் இங்கே வந்திருந்தன. சாலிடரிங் கம்பியைப் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

ஆரம்ப நாட்களின் ஹாம் வாழ்க்கை பெரும்பாலும் சிற்றலையில், மோர்ஸ் சாவியின் தட்டலில் கழிந்தது. போர்க்கால உபரி ரேடியோக்களைப் பிரித்து, வேண்டியதை எடுத்து, சொந்தமாக ஒரு ‘ரிக்’ கட்டுவார்கள். அந்தப் பெட்டியும் அதன் மின்வழங்கியும் மேசையைவிட்டு நகராது. வி.எச்.எஃப்.பை வெளியே கொண்டுவந்தவை இரண்டு மாற்றங்கள். 1984-இல் ஹாம் கருவிகளுக்கு இறக்குமதித் தீர்வை நீக்கப்பட்டதால் கையில் அடங்கும் ஜப்பானியக் கருவிகள் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தன. இன்னொன்று, மோர்ஸ் தேர்வு இல்லாமலே பெறக்கூடிய ‘ரெஸ்ட்ரிக்டட்’ உரிமம். அந்நாளில் அதை வைத்திருந்தவர் வி.எச்.எஃப்.பில் குறைந்த திறனில், குரலில் மட்டுமே பேச முடிந்தது. மோர்ஸைக் கண்டு தயங்கிய மாணவர்கள் அந்த வாசல் வழியே உள்ளே வந்தார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்த அலை, வெளியே போனால்தான் தூரம் எட்டும் அலை. கல்லூரி மாணவர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் மைதானத்துக்கும் குன்றுக்கும் இடம்பெயர்ந்ததற்கு இதுவே காரணம்.

அந்த ஞாயிறுகளின் விளையாட்டு நரி வேட்டை. ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரைப் புதரிலோ பாறை இடுக்கிலோ ஒளித்துவைப்பார்கள், அதுதான் நரி. இடைவெளி விட்டு அது குரல் கொடுக்கும். மற்றவர்கள் திசை காட்டும் ஆண்டெனாவைச் சுழற்றி, சிக்னல் வலுக்கும் பக்கம் நடக்க வேண்டும். ஆண்டெனாவின் அடிப்படை வடிவம் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உதாவும் ஹிதெத்சுகு யாகியும் 1926-இல் வெளியிட்ட யாகி ஆண்டெனா. அதைச் செய்ய ஒரு பி.வி.சி. குழாயும், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டிய எஃகு அளவுநாடாவும் போதும். புதரில் சிக்கினால் நாடா மடங்கி, மறுபடி நிமிர்ந்துகொள்ளும். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ அப்படிப் பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, மீதிப் பொருட்கள் அங்கே கிடைக்கும்.

கருங்கல் பாறைகள் நிறைந்த இடத்தில் நரி சுலபமாக அகப்படாது. பாறையில் பட்டுத் திரும்பும் அலை, இல்லாத திசையைக் காட்டும். நரிக்கு மிக அருகில் போய்விட்டால் எல்லாத் திசையிலும் சிக்னல் ஒரே வலுவாகத் தெரியும். அப்போது ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, கருவியை நெஞ்சோடு அணைத்தபடி மெல்லச் சுழல்வார்கள். உடம்பே அலையை மறைக்கும். ஒலி எங்கே மிகவும் தேய்கிறதோ, அப்போது முதுகுக்குப் பின்னால் இருப்பது நரி.

இந்த விளையாட்டில் பழகிய கை வேறு இடங்களிலும் பயன்பட்டது. இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது 1995-இல். அதற்கு முன்பு, தொலைபேசிக் கம்பி எட்டாத காட்டு வழிகளில் கார் ரேலி நடந்தால், எந்த வண்டி எந்த நிலையைக் கடந்தது, எது கவிழ்ந்தது என்று உடனே சொல்லும் வேலையை ஹாம்கள் ஏற்றார்கள். கார் பேட்டரி, ஒரு கம்பம், ஓர் உயரமான இடம்: ஒரு தொடர்பு நிலையம் தயார்.

பெங்களூருவின் ஹாம்களுக்கு மிக உயரமான குன்று கிடைத்த நாள் 2005 மே 5. அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி6, கார்ட்டோசாட்-1-உடன் ஹாம்களுக்கான 42.5 கிலோ செயற்கைக்கோளான ஹாம்சாட்டையும் கொண்டுபோனது. பெங்களூருவின் இஸ்ரோ செயற்கைக்கோள் மையத்தில் உருவான அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. ஒன்று இந்தியாவில் செய்தது. மற்றொன்று டச்சு ஹாமான வில்லியம் லைடெக்கர் என்ற பொறியியல் மாணவர் செய்தது. 435 மெகாஹெர்ட்ஸில் கேட்டதை 145 மெகாஹெர்ட்ஸில் அது திருப்பிச் சொல்லும். சுமார் 630 கிலோமீட்டர் உயரத்தில் பறந்ததால், ஓர் இடத்தின் வானில் அதிகம்போனால் 13 நிமிடம்தான் தங்கும். மொட்டைமாடியில் நிற்பவர் ஒரு கையில் யாகியைக் கோளின் போக்கோடு திருப்ப வேண்டும். மறு கையால் அதிர்வெண்ணைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். காரணம் டாப்ளர் விளைவு: நெருங்கும்போது 3 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே நிற்கும் குரல், விலகும்போது அதே அளவு கீழே போகும். இரண்டு ஆண்டு ஆயுளுக்குத் திட்டமிட்ட ஹாம்சாட் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 2014 ஜூலையில் அதன் லித்தியம் பேட்டரிகள் கைவிட்டபோது, ஒரு சகாவை இழந்த வருத்தம் உலகெங்கும் ஹாம்களிடம் இருந்தது.

அதிர்வெண்ணில் இந்தப் பட்டைகளுக்கும் மேலே இருப்பது மைக்ரோவேவ். இந்தியாவுக்கு அதில் மூத்த உரிமை உண்டு. ஜகதீஷ் சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு தூரத்தில் இருந்த மணியை ஒலிக்கவைத்து, வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டினார். 5 மில்லிமீட்டர் அலைவரை அவர் ஆராய்ந்தார். அவர் வடிவமைத்த கூம்பு ஆண்டெனாவின் வாரிசுகள் இன்றும் டிஷ்களின் முன்னால் நிற்கின்றன. இந்திய ஹாம் உரிமத்தில் 1260–1300, 5725–5840 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளும் இடம்பெற்றன. ஆயினும் கருவி கிடைப்பது அரிது என்பதால் நெடுங்காலம் அவை வெறிச்சோடியே கிடந்தன.

2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2, புவிநிலைப் பாதையில் ஹாம்களுக்கான முதல் டிரான்ஸ்பாண்டரைச் சுமந்து சென்றது. கிழக்குத் தீர்க்கரேகை 26 பாகைக்கு நேர் மேலே நிற்கும் அது, பெங்களூருவிலிருந்து பார்த்தால் மேற்கே, சற்றுத் தெற்குச் சாய்வில், அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 30 பாகையில் இருக்கிறது. அதன் 10,489 மெகாஹெர்ட்ஸ் குரலைக் கேட்க மலை ஏற வேண்டாம். யாரோ மாற்றிப்போட்ட பழைய டி.டி.எச். டிஷ்ஷை எடுத்து மொட்டைமாடிச் சுவரில் பொருத்தி, மேற்கே மறைப்பு இல்லாமல் திருப்பிவைத்தால் பிரேசிலிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கும்.