சுகருக்கு மாத்திரை இருக்கு, சலிப்புக்கு? 'மைண்ட்ஃபுல்னெஸ்' சிகிச்சை என்றால் என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு பால்கோவாவைத் தொடாமல் இருப்பது லேசான காரியமில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய இனிப்பு அது. சுகர் வந்தவருக்குக் கடைத்தெருவைக் கடப்பதே தினசரி பரீட்சை. சாப்பிட்டால் குற்ற உணர்ச்சி, சாப்பிடாவிட்டால் எரிச்சல், ரத்தப் பரிசோதனை நாளில் பயம். பக்கத்து ராஜபாளையத்தில் நூற்பாலை ஷிப்ட் பார்ப்பவருக்கோ சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் சேர்ந்தே தடுமாறும்.

இந்தச் சலிப்புக்கு மருத்துவத்தில் 'டயாபடீஸ் டிஸ்ட்ரெஸ்' என்று தனிப்பெயரே உண்டு. டிப்ரஷன் வேறு, இது வேறு. நோயை நாள்தோறும் சுமப்பதால் வரும் சோர்வு இது. "எவ்வளவு பாத்தாலும் குறையல, இனி மாத்திரை போட்டு என்ன ஆகப் போகுது?" என்று ஒருவர் சொன்னால், வீட்டில் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அடுத்து மாத்திரை நின்றுபோகும். சிறுநீரகக் கோளாறு, மூட்டுவாதம், புற்றுநோய் என நீண்டகால நோய் எதுவானாலும் இதே கதைதான். இங்கேதான் மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது முழுக்கவனப் பயிற்சி, உதவுகிறது.

எப்படி வந்தது?

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் இதைத் தொடங்கினார். எந்த சிகிச்சையிலும் வலி தீராத நோயாளிகள்தான் முதலில் வந்தவர்கள். பௌத்த தியானத்தையும் யோகாவையும் மத அடையாளம் இல்லாமல் 8 வாரப் பயிற்சியாக்கினார். நம்ம ஊர்ச் சரக்குதான், வெளிநாடு போய்த் திரும்பியிருக்கிறது.

என்ன செய்வார்கள்?

வாரம் ஒருமுறை சுமார் இரண்டரை மணி நேரக் குழு வகுப்பு, வீட்டில் தினசரி பயிற்சி. தொடக்கத்தில் கையில் ஒரு உலர்திராட்சை தருவார்கள். அதைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மெல்ல வேண்டும். (பால்கோவா கேட்காதீர்கள்!) பிறகு படுத்துக்கொண்டு, கால் விரலில் தொடங்கி தலை வரை ஒவ்வோர் இடமாகக் கவனிப்பது.

வலியை விரட்டுவது இதன் நோக்கமல்ல. கால் எரிச்சல் ஒன்று. "கால் போயிடுமோ, பிள்ளைகளுக்குப் பாரமாயிடுவோமோ" என்று ஓடும் எண்ணம் இன்னொன்று. இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் ஆளை அமுக்குகின்றன. அந்த எண்ணத்தை வெறும் எண்ணமாகப் பார்க்கப் பழகினால், அதன் பிடி தளரும். ஒரே நாளில் வராது.

பலன் எவ்வளவு?

பதற்றமும் மனச்சோர்வும் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மிதமான அளவில்தான். ரத்தச் சர்க்கரையே இறங்கும் என்பதற்கு அத்தனை உறுதியான ஆதாரம் இல்லை. "தியானம் பண்ணா இன்சுலின் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை நம்பி ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பழைய அதிர்ச்சியோ தீவிர மனநோயோ உள்ளவர்களுக்குக் கண்மூடி அமர்வதே பதற்றத்தைக் கூட்டலாம். அவர்கள் மனநல மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

யாரிடம் கேட்பது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் ஊழியரிடமோ அரசு மருத்துவமனை டாக்டரிடமோ, "மாத்திரை போடவே வெறுப்பா இருக்கு" என்பதையும் சொல்லுங்கள். நேரில் சொல்லத் தயக்கமா? மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.